விழுங்கும் வைட்டமின் உடம்பில் ஒட்ட என்ன செய்ய வேண்டும்?

டப்பாவில் பி12, 1000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். அந்த மாத்திரையை விழுங்கினால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் 13 மைக்ரோகிராம்தான், மிச்சமெல்லாம் குடல் வழியாக இறங்கி வெளியே போய்விடும். ஏமாற்றுகிறார்கள் என்று உடனே கோபப்பட வேண்டாம், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம்தான் என்பதால் அந்த 13 தாராளம். ஆனால் இதே கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஃபோலிக் அமிலத்தை வெறும் வயிற்றில் போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். மெக்னீசியம் ஆக்ஸைடில் பெரும்பகுதி வீண். வைட்டமின் டி எவ்வளவு ஏறும் என்பது அதோடு என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆக, பெரிய எண் போட்ட டப்பாவாகத் தேடி வாங்குவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எப்போது போடுகிறோம், எதோடு போடுகிறோம், ஒரே தடவையில் எவ்வளவு போடுகிறோம், கூடவே வேறு என்ன மருந்து போகிறது, இந்த நான்கையும் சரிசெய்தால் சாதாரண மாத்திரையே நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தினமும் வேறு மருந்து எடுப்பவர்கள் மட்டும் எதையும் மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

டப்பாவின் முன்பக்கம் விளம்பரத்துக்கு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. குறிப்பாகத் தாதுச்சத்து மாத்திரைகளில் உப்பின் எடை வேறு, அதற்குள் இருக்கும் சத்தின் எடை வேறு. கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் அதில் இருக்கும் கால்சியம் 500 மி.கி., ஏனென்றால் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட்டில் அது இன்னும் குறைவு, 21 சதவீதம். இரும்பு மாத்திரையில் ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. என்று இருந்தால் உள்ளே இருக்கும் இரும்பு 65 மி.கி., ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஃபெரஸ் குளுகோனேட்டில் வெறும் 12 சதவீதம். இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது உப்பின் எண்ணை விட்டுவிட்டு எலிமென்டல் என்று தனியாகக் குறித்திருக்கும் அளவைப் பாருங்கள். சிலர் இரண்டு மூன்று மாத்திரைக்குச் சேர்த்து ஒரு வேளை அளவு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதையும் கவனிக்க வேண்டும்.

மெக்னீசியம் இதில் வேடிக்கையானது. ஆக்ஸைடில் எடைக்கு எடை 60 சதவீதம் மெக்னீசியம் இருப்பதால் லேபிளில் எண் பெரிதாகத் தெரியும், மாத்திரையும் மலிவு, ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாததால் குடலில் கொஞ்சம்தான் ஏறும், ஏறாத மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும். சிட்ரேட்டில் எண் சிறிது, ஏறுவது அதிகம். மலச்சிக்கலுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஆக்ஸைடே போதும், அது வேறு கதை.

வைட்டமின் டியில் டி2, டி3 என்று இரண்டு உண்டு. இரண்டும் குடலில் நன்றாகவே ஏறும், ஆனால் ரத்தத்தில் அளவை அதிகமாக உயர்த்துவதும் நீண்ட நாள் தங்குவதும் டி3. மருத்துவர் குறிப்பாக டி2 எழுதித்தராத பட்சத்தில் டி3 வாங்குங்கள்.

மாத்திரை கரைகிறதா?

கரையாத மாத்திரை உறிஞ்சப்படாது, அவ்வளவுதான். இறுக்கமாக அழுத்திச் செய்த மாத்திரை, அதிலும் கால்சியம் மாதிரிப் பெரிய மாத்திரை, சில நேரம் முழுசாகவே கீழே இறங்கிவிடும். இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். உடைந்து கரைந்திருந்தால் சரி. கல் மாதிரி அப்படியே இருந்தால் வயிற்றிலும் அது கரையாமல் போக வாய்ப்பு அதிகம், வேறு தயாரிப்புக்கு மாறிவிடுங்கள். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி உறை பூசியவை, மெதுவாக நேரம் எடுத்துக் கரையும்படி செய்தவை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவை கரையாமல் இருப்பதுதான் சரி. அந்த வகையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடவும் கூடாது. மற்ற மாத்திரைகளில் நடுவில் கோடு போட்டிருந்தால் தாராளமாகப் பாதியாக உடைக்கலாம். தொண்டையில் இறங்கச் சிரமப்படுபவர்கள் மென்று சாப்பிடும் வகையோ திரவமோ வாங்கிக்கொள்ளலாம், அவற்றில் கரைகிறதா என்ற கேள்வியே கிடையாது.

விழுங்கும்போது ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இரும்பு மாத்திரை உணவுக்குழாயில் சிக்கி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கும், அதனால் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுப்பது வேண்டாம். டப்பாவைக் குளியலறையிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். ஈரமும் சூடும் வைட்டமின் சியை வேகமாக அழிக்கும், மாத்திரை பழுப்பாக மாறியிருந்தால் அதுதான் காரணம்.

ஏ, டி, ஈ, கே: சாப்பாட்டோடுதான்

இந்த நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும், பித்தநீர் கொழுப்பை மிகச் சிறிய துளிகளாக உடைக்கும், அந்தத் துளிகளோடு சேர்ந்துதான் இந்த வைட்டமின்கள் குடல் சுவரைத் தொட்டு உள்ளே போகின்றன. அங்கிருந்தும் நேராக ரத்தத்துக்குப் போகாமல் நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு ரத்தத்தில் கலக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு டி மாத்திரை போட்டால் இந்த ஏற்பாடு எதுவும் சரியாக நடக்காது. கொஞ்சம் ஏறத்தான் செய்யும், சுத்தமாக வீண் என்று சொல்ல முடியாது, ஆனால் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. டி மாத்திரை எடுத்தும் ரத்தத்தில் அளவு ஏறாத 17 பேரிடம், வேறு எதையும் மாற்றாமல், அன்றைய நாளின் பெரிய சாப்பாட்டோடு மாத்திரையைப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அளவு சராசரியாக 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2010-ல் வெளியான ஆய்வு இது. ஆட்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2015-ல் வந்த இன்னும் ஒழுங்கான ஓர் ஆய்வில், கொழுப்பே இல்லாத உணவோடு எடுத்தவர்களை விடக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் டி3-ன் உச்ச அளவு 32 சதவீதம் அதிகமாக இருந்தது. எப்படிப் பார்த்தாலும் செலவே இல்லாத ஒரு மாற்றத்துக்கு இது நல்ல லாபம்.

இதற்காக எண்ணெயில் குளிக்க வேண்டியதில்லை. முட்டை, பால், கொட்டைப் பருப்புகள், மீன், சமையல் எண்ணெய் என்று ஏதோ ஒன்று இருக்கும் வழக்கமான சாப்பாடு போதும். காலையில் காபியும் ரொட்டியும்தான் உங்கள் உணவு என்றால் மாத்திரையை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றிவிடுங்கள். காலையா இரவா என்ற வாதம் எல்லா இடத்திலும் நடக்கிறது, உறிஞ்சுதலைப் பொறுத்தவரை கடிகாரத்தை விடத் தட்டில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

டி மாத்திரை எவ்வளவு போட்டும் ஏறவில்லை என்றால் குடலில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், குடல் அழற்சியான க்ரோன் நோய், கணையம் சரியாக வேலை செய்யாமை, பித்தநீர் அடைப்பு, உடல் எடைக்காக வயிறு அல்லது குடலில் செய்த அறுவை, இவை எல்லாவற்றிலும் கொழுப்பு உறிஞ்சுதல் குறையும், அதோடு இந்த நான்கு வைட்டமின்களும் குறையும். எடை குறைக்கும் ஆர்லிஸ்டாட் மருந்து கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது, எனவே அதை எடுப்பவர்கள் வைட்டமின் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளியோ தூங்கும்போதோ போட வேண்டும்.

சியும் பி வகைகளும்

நீரில் கரையும் வைட்டமின்களுக்குக் கொழுப்பு தேவையில்லை. இவற்றின் பிரச்சினை வேறு, குடலில் இவற்றை உள்ளே கொண்டுபோகும் ஏற்பாட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு நாளைக்கு 200 மி.கி. வரை வைட்டமின் சி எடுத்தால் பெரும்பகுதி ஏறிவிடும். ஒரே தடவையில் 1000 மி.கி.க்கு மேல் போட்டால் பாதிகூட ஏறாது, ஏறியதிலும் ஒரு பங்கைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். 1000 மி.கி. மாத்திரை வாங்கித் தினமும் ஒன்று போடுவதை விட 250 மி.கி. வாங்கிக் காலையும் மாலையும் போடுவது புத்திசாலித்தனம். அதிகமாகப் போட்டால் வயிற்றுப்போக்கு வரும், ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தப் பெரிய டோஸ் பக்கமே போக வேண்டாம்.

பி காம்ப்ளெக்ஸ் போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அது பி2. உடம்பு ஒரே வேளையில் ஏற்கும் பி2 சுமார் 27 மி.கி. வரைதான், அதிலும் தேவைக்கு மிஞ்சியதை வெளியேற்றிவிடும். மஞ்சளாகப் போகிறது என்றால் மாத்திரை கரைந்து ரத்தம் வரை போயிருக்கிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாமே வீணாகிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை.

ஃபோலிக் அமிலத்தில் உணவை மாத்திரை ஜெயித்துவிடுகிறது. உணவில் இயற்கையாக இருக்கும் ஃபோலேட்டில் பாதியளவுதான் ஏறும் என்று கணக்கு வைக்கிறார்கள். மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் சாப்பாட்டோடு எடுத்தால் 85 சதவீதம், வெறும் வயிற்றில் கிட்டத்தட்ட முழுவதும். இயற்கையானதுதான் உடம்பில் நன்றாகச் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களிடம் இந்த ஒன்றைச் சொல்லலாம்.

பி12-க்குத்தான் குடலில் பெரிய சடங்கு. உணவில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வயிற்று அமிலம் அதைப் பிரிக்க வேண்டும், அப்புறம் வயிற்றுச் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போக வேண்டும், அங்கேதான் உள்ளே நுழைய முடியும். இந்தப் புரதம் இருக்கிறது என்று கண்டுபிடித்த கதை சாப்பிடும்போது படிக்கிற மாதிரி இல்லை. வில்லியம் காசல் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களின் கடைசியில், பி12 என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலத்தில், ஆரோக்கியமான ஆள் ஒருவர் சாப்பிட்ட மாட்டிறைச்சியை வயிற்றில் செரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே எடுத்து, அதைக் குழாய் வழியாக ரத்தசோகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சியைக் கொடுத்தபோது ஊறவில்லை. ஆரோக்கியமான வயிற்றில் இருக்கும் ஏதோ ஒன்று நோயாளியின் வயிற்றில் இல்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது. பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1948-ல்.

இந்த வழியில் ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம் வரைதான் போக முடியும். அதற்கு மேல் கொடுக்கும்போது அந்தப் புரதத்தின் உதவியே இல்லாமல் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு அர்த்தம் வருவது இங்கேதான். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சுரக்காதவர்களுக்குக்கூட அந்தக் கசிவே அன்றைய தேவைக்குப் போதும், அதனால் பலருக்கு ஊசிக்குப் பதில் இந்த மாத்திரையை மருத்துவர்கள் தருகிறார்கள். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் போன்ற நரம்புத் தொல்லை இருந்தால் மட்டும் மாத்திரையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அது ஊசி போட வேண்டிய கட்டம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஒமிப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவர்கள் ஆகியோருக்கு உணவில் இருந்து பி12 பிரிவதுதான் சிரமம். மாத்திரையில் இருப்பது ஏற்கெனவே பிரிந்த பி12 என்பதால் அதை உறிஞ்ச அமிலம் வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறையும், அவர்கள் அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

இரும்பு, கால்சியம், துத்தநாகம்

மாத்திரைகளிலேயே அதிகம் வீணாவது இரும்புதான் என்று நினைக்கிறேன், அதற்குக் காரணம் நாம் அதை அவசரப்பட்டு அதிகமாகப் போடுவது. இரும்பு உடம்புக்குள் நுழைவதைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. ஒரு பெரிய டோஸ் போட்டதும் ஹெப்சிடின் ஏறி, சுமார் 24 மணி நேரத்துக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். காலையில் ஒன்று போட்டுவிட்டு மாலையில் இன்னொன்று போட்டால் இரண்டாவது மாத்திரை சாத்திய கதவில்தான் முட்டும், அதன் பெரும்பகுதி குடலிலேயே கிடந்து குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும்.

ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு இருப்பு குறைந்த பெண்களுக்கு 60 மி.கி. இரும்பைத் தினமும் கொடுத்தபோது 16.3 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது 21.8 சதவீதமும் உள்ளே போனது. அதனால் லேசான குறைபாட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே வேளையாகப் போடுவது நல்ல முறை. ரத்தசோகை கடுமையாக இருந்தால் சீக்கிரம் ஏற்ற வேண்டியிருக்கும், அப்போது மருத்துவர் தினமும் போடச் சொல்லலாம், அதை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

போடும் நேரம் காலை, வெறும் வயிறு. வயிறு தாங்கவில்லை என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், வாந்தி எடுத்து மாத்திரையையே நிறுத்துவதை விடக் குறைவாக ஏறுவது மேல். டீயும் காபியும் இரும்புக்குப் பெரிய எதிரிகள். இறைச்சி உணவோடு குடித்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வில் காபி இரும்பு உறிஞ்சுதலை 39 சதவீதமும் டீ 64 சதவீதமும் குறைத்தன. அதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது, சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபி குடித்தால் பாதிப்பில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் கூடவே குடித்த அளவுக்குப் பாதிப்பு. எனவே காபி முதலில், ஒரு மணி நேரம் பொறுத்து மாத்திரை, அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் காபி டீ வேண்டாம்.

கூடவே வைட்டமின் சி போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். செடிகளில் இருந்து கிடைக்கும் உணவு இரும்புக்கு அது உண்மையிலேயே உதவும். இரும்பு மாத்திரைக்கு அவ்வளவாக இல்லை. 2020-ல் வெளியான, 440 நோயாளிகள் பங்கெடுத்த ஆய்வில் இரும்பு மட்டும் எடுத்தவர்களுக்கும் இரும்போடு சி எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது. ஆரஞ்சுச் சாறில் மாத்திரையை விழுங்கப் பிடித்திருந்தால் விழுங்குங்கள், அதற்கென்று தனியாகச் சி மாத்திரைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மலம் கறுப்பாகப் போவது இரும்பால் வரும் சாதாரண விஷயம். தார் போலப் பிசுபிசுத்து நாற்றம் அடித்தால் அது சாதாரணம் இல்லை, உடனே காட்டுங்கள்.

கால்சியத்தை ஒரே தடவையில் 500 மி.கி.க்கு மேல் போடாதீர்கள், மேலே போகப் போக ஏறும் விகிதம் குறையும். ஒரு நாளைக்கு 1000 என்றால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு. சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம், அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே நல்லது. உடம்பில் டி குறைவாக இருந்தால் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் சரியாக ஏறாது, முதலில் டியைச் சரி செய்யுங்கள்.

கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போக வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எல்லாமே அடங்கிய ஒரே மாத்திரையில் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும், பொதுவான தேவைக்கு அது போதும், ஆனால் ரத்தசோகைக்கு அதை நம்பி இருக்கக் கூடாது. துத்தநாகம் வெறும் வயிற்றில் பலருக்குக் குமட்டும், கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். தினமும் 50 மி.கி.க்கு மேல் வாரக்கணக்கில் போட்டால் தாமிரம் ஏறுவதை அது தடுக்கும், சளி பிடித்தபோது ஆரம்பித்துவிட்டு நிறுத்த மறந்தவர்கள் கவனிக்க.

மருந்தோடு மோதும் இடங்கள்

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினைக் கால்சியமும் இரும்பும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போட்டும் டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ஹார்மோன்) இறங்கவில்லை என்றால், டோஸை ஏற்றுவதற்கு முன் பக்கத்தில் என்ன சத்து மாத்திரை போகிறது என்று பாருங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இப்படித்தான், கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் எதோடு சேர்ந்தாலும் மருந்தின் வேலை குறையும். ஆன்டிபயாடிக்கை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போடலாம், அதை விட எளிது, அந்தச் சில நாளைக்குச் சத்து மாத்திரையையே நிறுத்திவைப்பது. எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் மாத்திரையும் தனியாகத்தான் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே உள்ள எதையும் கேட்காமல் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ கூடாது.

இவ்வளவையும் ஒரு நாளுக்குள் எப்படி அடுக்குவது என்று தலை சுற்றலாம். எழுந்ததும் தைராய்டு மாத்திரை இருந்தால் அது மட்டும், வெறும் தண்ணீரில். காலை உணவோடு பி காம்ப்ளெக்ஸ், சி. இரும்பு உண்டென்றால் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தைராய்டு மாத்திரை இல்லாதவர்கள் இரும்பைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம். நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதோடு டி. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு, மெக்னீசியம் படுக்கும் முன். இவை எல்லாவற்றையும் ஒருவரே எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது, அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் எது உண்மையிலேயே தேவை என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

விளம்பரங்கள் சொல்வது

நாக்குக்கு அடியில் வைக்கும் பி12 வேகமாக ஏறும் என்பார்கள், விழுங்கும் மாத்திரைக்கும் அதற்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள், கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஜெல்லி மாதிரி இருக்கும் ‘கம்மி’ வைட்டமின் மிட்டாய்கள் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அவற்றில் வைட்டமின் அளவை நிலையாக வைப்பது கடினம், சர்க்கரையும் உண்டு, பல கம்மிகளில் இரும்பே இருக்காது, குழந்தைகள் மிட்டாய் என்று அள்ளிச் சாப்பிடும் ஆபத்தும் இருக்கிறது. கொழுப்பு உறைக்குள் அடைத்து லிபோசோமல் என்று விற்கும் வைட்டமின் சி ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏறலாம், ஆனால் 200 மி.கி. சாதாரணச் சியே உடம்பின் தேவையைத் தாண்டிவிடும்போது அந்தக் கூடுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதிகமாக உறிஞ்சினால் நல்லது என்ற நினைப்பே எல்லா இடத்திலும் சரியில்லை. கொழுப்பில் கரைபவை உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, கர்ப்ப காலத்தில் மிஞ்சினால் கருவைப் பாதிக்கும். டிக்குப் பொதுவான உச்ச வரம்பு 100 மைக்ரோகிராம், அதாவது டப்பாக்களில் போடும் ஐ.யு. அலகில் 4000, குறைபாட்டுக்காக மருத்துவர் கண்காணிப்பில் தரும் பெரிய டோஸ் தனி. நீரில் கரைவதால் பி6 பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு, நீண்ட நாள் அதிகமாகப் போனால் அதுவும் நரம்பைக் கெடுத்துக் கை கால்களை மரத்துப்போகச் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அதன் உச்ச வரம்பை ஒரு நாளைக்கு 12 மி.கி.க்குக் குறைத்தது. நரம்புச் சத்து மாத்திரை என்று விற்கும் சிலவற்றில் ஒரே மாத்திரையில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். புகை பிடிப்பவர்கள், உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கம் போகவே வேண்டாம், ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில் அதை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது.

ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

உடம்பு தெம்பாக இருக்கிறது என்ற உணர்வை நம்ப முடியாது. டிக்கு 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி பரிசோதனை, ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் பார்த்தால் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், தப்பான முடிவுக்கு வருவீர்கள். இரும்புக்கு ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்கு இருப்பு நிரம்பாமல் சில மாதத்தில் பழையபடி குறைந்துவிடும். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். பி12 மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் அளவு உயர்ந்து காட்டுவதில் ஆச்சரியம் இல்லை, குறைபாடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே பரிசோதித்துவிடுவது உத்தமம்.

முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம். அது நன்றாகவே உறிஞ்சப்படும், சிக்கலும் அதுதான். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, தைராய்டு அளவையும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் தப்பாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இது பற்றி எச்சரித்தபோது, ட்ரோபோனின் குறைவாகக் காட்டப்பட்டு ஒரு நோயாளி இறந்ததையும் குறிப்பிட்டது. தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள், அளவு மிக அதிகமான மாத்திரை என்றால் எத்தனை நாள் என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால் பயோட்டின் எடுக்கிறேன் என்று அங்கே சொல்லிவிடுங்கள்.